ஒரு சொல் குறைந்தால் ஒரு நோய் மறையும்!

நோயை அறிவது மருத்துவர் கடமை. அறிந்த நோயை அறிந்தவாறே எழுதி வைப்பதும் அவர் கடமையே. முன்னதை உலகம் போற்றுகின்றது, பின்னதைப் பொருட்படுத்துவதில்லை. அஃது எழுத்தர் வேலை என்று ஒதுக்குவாரும் உளர். அவ்வாறு ஒதுக்கப்படும் வேலையில் எத்துணைப் பெரிய உண்மைகள் மறைந்து போகின்றன என்பதற்குக் குடல்நோய் ஒன்றே போதிய சான்றாகும்.

அகவை ஏற ஏறப் பெருங்குடற் சுவரின் வலுக்குன்றிய இடங்களில் சிறுசிறு பைகள் வெளிப்புறமாகப் பிதுங்குவதுண்டு. பலர்க்கு அவற்றால் தீங்கில்லை. சிலர்க்கு அப்பைகள் அழற்சியுறுகின்றன. அவருள்ளும் சிலர்க்கே நோய் முற்றுகின்றது. பை துளைபடும், பக்கத்தே சீழ்க்கட்டி திரளும், சீழோ மலமோ வயிற்றறையுள் பரவி உயிர்க்கு உலை வைக்கும், குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே முறையற்ற வழி திறந்துகொள்ளும். ஒருவர் மருந்துண்டு வீடு திரும்புவார். மற்றவர் அறுவை மேடையில் உயிர்க்குப் போராடுவார். இருவரையும் ஒரே சொல்லால் எழுதி முடித்தால் அஃது எழுத்தாகுமா?

நோய்கட்கு உலகப் பொதுவான பட்டியல் வேண்டுமென்னும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டினது. பிரான்சு நாட்டுப் புள்ளியியலார் சாக்கு பெர்த்தியோன் வகுத்த இறப்புக் காரணப் பட்டியல் 1893-இல் சிகாகோ நகரில் முன்வைக்கப்பட்டது. 1948-இல் வந்த ஆறாம் திருத்தம் முதல் அப்பணி உலக நலவாழ்வு நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. 1990-இல் ஒப்புதல் பெற்ற பத்தாம் திருத்தத்தில் இக்குடற்பை நோய்க்குரிய எண் கே 57. அமெரிக்க ஒன்றிய நாடுகள் அதனை மேலும் விரித்து, 2015 அக்தோபர் 1 முதல் வழங்கி வருகின்றன.

அவ்விரிவைக் காண்க. பெருங்குடற்பை அழற்சி, துளையும் கட்டியும் குருதிப்போக்கும் இன்றி இருப்பின் கே 57.32. துளையோ கட்டியோ உளதாயின் கே 57.20. அதனொடு குருதிப்போக்கும் சேரின் கே 57.21. அந்நாட்டில் முன்னர் வழங்கிய ஒன்பதாம் திருத்தத்திலோ, 562.11 என்னும் ஒரே எண் எளிய அழற்சிக்கும் முற்றிய அழற்சிக்கும் நின்றது. துளைக்கும் கட்டிக்கும் வேறு எண்களைக் கூட்டி எழுதவேண்டும். கூட்டாது விட்டால், முற்றிய நோய் எளிய நோயாகவே ஏட்டில் நின்றுவிடும்.

இங்கே இலக்கணம் கற்றார் நின்று நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கே 57.2-இன் ஆங்கிலத் தலைப்பு துளையையும் கட்டியையும் 'உம்'மைப் பொருள்படும் சொல்லால் இணைக்கின்றது. அதனை எண்ணும்மை எனக் கொண்டால், இரண்டும் இருந்தாலன்றி அவ்வெண் பொருந்தாது. பட்டியலின் விதியோ, தலைப்பில் வரும் அச்சொல்லை 'உம்' எனவும் கொள்ளலாம், 'அல்லது' எனவும் கொள்ளலாம் என்கின்றது. கட்டி மட்டும் இருப்பினும் அவ்வெண்ணே உரியது. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்தது வீண்வேலையன்று என்பது இதனால் விளங்கும். விதியறியாது அத்தலைப்பைத் 'துளையும் கட்டியும்' என்று தமிழாக்குவோர் நோயாளியைத் தவறான வரிசையில் நிறுத்துவர். 'துளையோ கட்டியோ இரண்டுமோ' என்பதே அதற்குரிய தமிழ். சொல்லைப் பெயர்த்தால் போதாது; பொருளைப் பெயர்த்தல் வேண்டும்.

குறியெண் எழுதுவோர் தாமாக நோயை முடிவு செய்தல் கூடாது. பண்டுவம் பார்க்கும் மருத்துவர் எழுதிய சொல்லே அவர்க்கு அடிப்படை. ஊடுகதிர்ப் படத்தில் கட்டி தெரிந்திருக்கலாம். படம் பார்த்தவர் அறிக்கையும் தந்திருக்கலாம். மருத்துவமனையிற் கிடக்கும் நோயாளிக்குப் பண்டுவம் பார்ப்பவர் 'அழற்சி' என்று மட்டும் எழுதியிருப்பின், எழுதுவோர் அவரை வினவித் தெளிதல் வேண்டும். 'சிக்கலான அழற்சி' என்று எழுதினாலும் பயனில்லை. எது சிக்கல்? துளையா, கட்டியா, அடைப்பா, குருதிப்போக்கா? பெயர் சொல்லாத சிக்கலுக்கு எண் இல்லை.

இதனால் வரும் கேடு சிறிதன்று. அமெரிக்காவில் முதியோர்க்கான அரசுக் காப்பீடு, 1983 முதல் நோய்த்தொகுதியை வைத்தே மருத்துவமனைக்குப் பணம் தருகின்றது. நோயைக் குறைத்து எழுதின் மருத்துவமனைக்கு இழப்பு நேரலாம். கூட்டி எழுதின் அது பொதுப்பணத்தைச் சுரண்டுவதாகும். பணத்தினும் பெரிது உண்மை. முற்றிய நிலையில் வந்தோர் எத்துணையர், பிழைத்தோர் எத்துணையர் என்பதை ஆய்வோர் பலர் இவ்வெண்களைக் கூட்டியே காண்கின்றனர். அடிக்கல் பொய்யாயின் கட்டடம் நிற்குமோ?

எண்ணுக்கும் எல்லையுண்டு. 1978-இல் அறுவை மருத்துவர் ஃகிஞ்சியும் உடன்பணியாற்றியோரும் முற்றிய நோயை நான்கு படிகளாக வகுத்தனர்: குடலையடுத்த கட்டி, இடுப்புக்கூட்டினுள் கட்டி, சீழ் பரவுதல், மலம் பரவுதல். முதற்படிக்கும் இறுதிப்படிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆயினும் நான்குக்கும் கே 57.20 ஒன்றே. வயிற்றறை உள்ளுறையின் அழற்சிக்குக் கே 65 வரிசையிலும், சிறுநீர்ப்பைக்குத் திறந்த வழிக்கு என் 32.1 எனவும் எண் கூட்டினாலன்றி வேற்றுமை புலப்படாது. ஆசிய மக்களிடம் இந்நோய் வலப்புறப் பெருங்குடலில் மிகுதியும் காணப்படுகின்றது. கே 57-ஓ இடம் வலம் பிரிப்பதில்லை.

பதினொன்றாம் திருத்தம் 2022 சனவரி 1 முதல் நடப்பிற்கு வந்துள்ளது. எத்திருத்தம் வரினும் எண் தானே பேசாது. எழுதிய சொல்லே அதனைப் பேச வைக்கும். மருத்துவர் கண்டதை முழுமையாக எழுதுக! எழுதுவோர் ஐயுற்றதை அஞ்சாது வினவுக! துன்புற்றவன் உடலில் இருந்த துளை, ஏட்டிலும் இருத்தல் வேண்டும். அதுவே அவன் துன்பத்திற்குச் செய்யும் நேர்மை.