625 என்றால் கூடுதல் பவரா?

"ஜுரம் விடல. 500 வேண்டாம்ணே, பவரா 625 குடுங்க." மருந்துக்கடைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. அமாக்சிசிலின் 500 மாத்திரையைவிட 625 வீரியமானது என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. அது தவறு.

625 அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அமாக்சிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. கிருமியைக் கொல்லும் மருந்து அதே 500-தான். ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அமாக்சிசிலினை உடைத்துப்போடும். கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும். அமாக்சிசிலின் தப்பித்துத் தன் வேலையைச் செய்யும். 1981-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த இந்தக் கூட்டு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் நொதியே இல்லாத இடத்தில் துணைமருந்துக்கு என்ன வேலை?

தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் இந்த நொதியைச் சுரப்பதே இல்லை. அதனிடம் 500-உம் 625-உம் ஒன்றுதான். சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை; இரண்டு மாத்திரையும் வீண். பல மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியோ, மருந்து போய்ப் பற்றவேண்டிய புரதத்தையே மாற்றி வைத்திருக்கிறது; அங்கும் இரண்டும் வீண். என்டிஎம் என்ற வேறுவகை பீட்டா-லாக்டமேஸ் நொதி உள்ள கிருமிகளிடம் கிளாவுலானிக் அமிலத்தின் பாச்சா பலிக்காது. தேவையில்லாமல் விழுங்கியவருக்கு மிஞ்சுவது வயிற்றுப்போக்கும், குடலில் நல்ல பாக்டீரியாக்கள் மடிந்த இடத்தில் பெருகும் முரட்டுக் கிருமிகளும்தான். 625 இல்லையென்று 375-இல் இரண்டு போட்டுக்கொள்கிறார்களே, அது இன்னும் மோசம்: அமாக்சிசிலின் அதே 500, துணைமருந்து மட்டும் இருமடங்கு.

சென்னை ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபேக்டமும் கிளாவுலானிக் அமிலத்தைப் போல நொதியை முடக்கும் துணைமருந்துதான். செஃபெபிம் என்ற ஆன்டிபயாட்டிக்குடன் சேர்ந்த அந்த ஊசிமருந்துக்குச் சிக்கலான சிறுநீர்த் தொற்றுகளுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி தந்தது. நம் ஊர் ஆய்வகத்தில் பிறந்த அரிய சாதனை. அதையும் இப்படி வாரியிறைத்துப் பாழாக்க யாருக்கும் உரிமை இல்லை.

மருத்துவர் 500 எழுதினால் 625 கேட்காதீர்கள். 625 எழுதினால் 500-ஐ வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சீட்டே இல்லையென்றால் இரண்டையும் கேட்காதீர்கள். கடைக்காரர்களே, சீட்டில்லாமல் இவற்றை விற்பது சட்டப்படி குற்றம், கேட்டாலும் கொடுக்காதீர்கள்.