டெங்குவை விளையாடிப் புரிந்துகொள்ளட்டும்

தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு,



வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடுவீடாக ஏறி இறங்குகிறார்கள். ‘வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்’ என்ற அறிவுரை ஊருக்கே மனப்பாடம். ஏன் வாரம் ஒருமுறை, ஏன் தேய்க்க வேண்டும் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. காரணம் புரியாத அறிவுரை மழை விட்டதும் மறந்துபோகும். அந்தக் காரணத்தைப் புரியவைக்கும் பலகை விளையாட்டு ஒன்றை உருவாக்கிப் பள்ளிகளுக்குத் தாருங்கள் என்று கேட்கவே இம்மடல்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தப் புழுக்கள் கொசுவாகா. ஆனால் தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் தேய்க்கச் சொல்கிறோம். ஆட்டத்தின் ஒரு சுற்றை ஒரு நாளாக வைத்தால், தேய்க்காமல் விட்ட தொட்டி சில சுற்றுகளுக்குப் பின் என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

பரமபதப் பலகையில் பாம்புக்குப் பதில் கொசுவை வரைந்து கொடுத்துவிட வேண்டாம். பரமபதத்தில் ஆடுபவர் எடுக்கும் முடிவு எதுவுமில்லை. எல்லாம் தாயக்கட்டையின் கையில். நோயும் தலைவிதி என்ற எண்ணத்தையே அது வளர்க்கும். மாட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வெளிவந்த ‘பேண்டமிக்’ விளையாட்டில் ஆடுபவர்கள் ஒன்றுசேர்ந்து நோய்களைத் தடுக்கிறார்கள். வெற்றியும் தோல்வியும் எல்லோருக்கும் பொது. டெங்குவுக்கு அதுவே பொருந்தும். பக்கத்து வீட்டு மொட்டைமாடி டயரில் பிறந்த கொசு நம் பிள்ளையையும் கடிக்கும்.

நம் தெருக்களின் உண்மை நிலையும் பலகையில் இருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் எப்போதாவது வரும் வீட்டில், பிடித்துவைத்ததைக் கொட்டு என்றால் யார் கொட்டுவார்? துணி கட்டி மூடலாமா, வேறு குடத்துக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைத் தேய்க்கலாமா என்று ஆடுபவர்கள் கலந்து பேசி முடிவெடுக்கட்டும். அந்தப் பேச்சில்தான் அறிவியல் புரியும்.

நைஜீரியாவின் அபியோகுட்டாவில் குடற்புழு பற்றிய பலகை விளையாட்டைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். நாமும் ஒரு மாவட்டத்தில் மழைக்கு முன்பே தொடங்கலாம். விளையாடிய பள்ளிகளைச் சுற்றியுள்ள வீடுகளிலும் விளையாடாத பள்ளிகளைச் சுற்றியுள்ள வீடுகளிலும், புழு இருக்கும் தொட்டிகளை உங்கள் பணியாளர்களே எண்ணட்டும். வினாத்தாள் மதிப்பெண்ணைவிட அந்த எண்ணிக்கையே நம்பத்தக்கது. முடிவு சாதகமோ பாதகமோ, அதை மக்கள் முன் வையுங்கள். பயன் தெரிந்தால் அடுத்த மழைக்குள் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் இந்தப் பலகை போய்ச் சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்