அறிதுயிலும் நினைவும்

காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில் பள்ளிகொண்ட திருமாலுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். திருமழிசையாழ்வார் நகரைவிட்டுப் புறப்பட்டபோது, அவர் சொன்னவாறே பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் உடன்சென்றார் என்றும், பின்னர் மீண்டு வந்து பள்ளிகொண்டார் என்றும் தலவரலாறு கூறும். அப்பள்ளியை அறிதுயில் என்பது மரபு. மேனாட்டார் ஹிப்னாடிசம் என்னும் நிலைக்கும் தமிழில் அச்சொல்லே வழங்குகின்றது. ஆனால், அந்நிலையில் ஆழ்ந்தவனுடைய நினைவும் சொன்னவண்ணம் செய்யுமோ?

செய்யும் என்றே பலர் நம்புகின்றனர். மறந்தவை யாவும் உள்ளத்தில் பூட்டிய பேழைக்குள் கிடக்கின்றன, அறிதுயில் அதன் திறவுகோல் என்பது அவர் கருத்து. ஆராய்ச்சி இதனை ஏற்கவில்லை. அறிதுயிலில் ஆழ்ந்தவன் மிகுதியாகப் பேசுகின்றான், உண்மைதான். ஆயினும், நிகழ்ந்தவற்றோடு கேட்பவர் குறிப்பால் எழுந்த கற்பனையும் கலந்து வருகின்றது. விழித்தபின் இரண்டையும் ஒரே உறுதியோடு சாதிக்கின்றான். பொய் சொல்பவனைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். பொய்யை மெய்யென்றே நம்புபவனை எங்ஙனம் மடக்குவது? இதனாலேயே 1982-இல் அமெரிக்காவின் கலிபோர்னிய மாநில உச்ச நீதிமன்றம், அறிதுயிலால் மீட்ட நினைவைச் சாட்சியமாகக் கொள்ள மறுத்தது. ஒருவன் சிறை புகுவதும் விடுதலை பெறுவதும் இத்தகைய நினைவைப் பற்றி நிற்றல் அறமாகாது.

மறக்கச் சொன்னால் மறக்குமா? எளிதில் வயப்படும் சிலர், அறிதுயிலில் கட்டளையிட்டபடி நடந்ததை மறக்கின்றனர். குறித்துவைத்த அடையாளச் சொல்லைக் கேட்டதும் அந்நினைவு திரும்பிவிடுகின்றது. ஆகவே அடைபட்டது வழியேயன்றி, அழிந்தது நினைவன்று.

குரங்கை நினையாமல் மருந்துண்ணப் புகுந்தவன் பட்ட பாடு தமிழர் அறிந்ததே. உளநூலார் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் குரங்கிற்குப் பதிலாக வெண்கரடி வந்தது. நினையாதீர் என்று சொல்லியும் அது மாணவர் உள்ளத்தில் மீண்டும் மீண்டும் தோன்றியது. எனினும் 2001-இல் ஆண்டர்சன், கிரீன் என்போர் வேறொன்று கண்டனர். ஒரு சொல்லைக் கண்டதும் அதனோடு இணைந்த மற்றொரு சொல்லை எழவொட்டாமல் பன்முறை தடுத்தவர்கள், பிறகு அதனை நினைவுகூரத் தடுமாறினர். மறதியும் பயிற்சியால் ஓரளவு கைகூடும் போலும்!

காஞ்சி நெசவாளரின் வழி இதனினும் எளிது. ஜக்கார்டு பொறி பரவுமுன், புடவைக் கரையின் வேலைப்பாட்டை அடை என்னும் நூற்கட்டில் முடிந்து வைத்தனர். எவ்விழை எப்போது எழவேண்டும் என்பதை நூலே நினைவில் வைத்திருந்தது. புதுக்கரை வேண்டியபோது பழையதை மறக்க எவரும் முயலவில்லை. வேறு அடை கட்டினர். தேர்வில் தவறியதை மறக்க இயலாது வருந்தும் மாணவனும் அதனோடு போராடுவதைவிட, கைக்கு வேறொரு வேலை தருவதே தக்கது.

பாடம் நினைவில் நிற்க அறிதுயிலை நாடுவோர் வரதராசர் கோயிலுக்குச் சென்று பார்க்கலாம். அங்கே திவ்யப் பிரபந்தத்தைப் பலர் கூடி ஓதுகின்றனர். ஒருவர் மறந்த சொல்லை அடுத்தவர் குரல் எடுத்துக் கொடுக்கின்றது. எவரும் எவரையும் உறங்க வைப்பதில்லை.