களைப்பைச் சோம்பல் என்று தீர்ப்பிடலாமா?

பல்கலைக்கழக விடுமுறையில் வீடு திரும்பும் மகள் நண்பகல் வரை உறங்குகிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சீப்பு நிறையத் தலைமுடி கழன்று வருகிறது. "இரவிரவாகக் கைத்தொலைபேசி பார்த்தால் இப்படித்தான்" என்கிறார் தாய். "பஞ்சி பிடித்துவிட்டது" என்கிறார் தந்தை. கனடாவிலுள்ள தமிழ் இல்லங்கள் பலவற்றில் இத்தீர்ப்பு குருதிப் பரிசோதனை எதுவுமின்றியே வழங்கப்படுகின்றது. அக்களைப்பின் பின்னால் இரும்புச்சத்துக் குறைபாடு மறைந்திருக்கலாம் என்ற ஐயம் எவருக்கும் எழுவதில்லை.

உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஈமோகுளோபின் உருவாக இரும்பு இன்றியமையாதது. 19 முதல் 50 வயது வரையான பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு தேவையென்றும், அதே வயது ஆணுக்கு 8 மில்லிகிராம் போதுமென்றும் கனடிய வழிகாட்டல் கூறுகின்றது. மாதவிடாயில் இழக்கப்படும் குருதியே இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சுவதால், மரக்கறி மட்டும் உண்போருக்கு ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படுகின்றது. இந்நிலையில், காலையுணவைத் தவிர்த்து, கோப்பியோடும் உடனடி நூடில்சோடும் நாளைக் கடத்தும் விடுதி வாழ்க்கை மாணவியரின் நிலையை மேலும் மோசமாக்குகின்றது. உணவு முடிந்த கையோடு தேநீர் அருந்தும் வீட்டுப் பழக்கமும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றது.

இவற்றைவிடப் பெரிய தடை மௌனமே. அதிக குருதிப்போக்கைப் "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்று தாய் ஒதுக்கிவிட்டால், அதனை மருத்துவரிடம் கூற மகளும் கூச்சப்படுகிறாள். சிகிச்சை பெறக்கூடிய ஒரு நிலை, இவ்வாறு பல ஆண்டுகள் தொடர்கின்றது.

பரிசோதனைக்குச் சென்றாலும் ஏமாற்றம் நேரலாம். உடலின் இரும்புச் சேமிப்பே முதலில் வற்றும். ஈமோகுளோபின் அதன் பின்னரே குறையும். எனவே ஈமோகுளோபினை மட்டும் பார்த்துக் "குருதி நன்றாக உள்ளது" என்று கூறப்படும் மாணவிக்கும் இரும்புக் குறைபாடு இருக்கக்கூடும். சேமிப்பைக் காட்டுவது பெரிற்றின் என்னும் பரிசோதனை. ஒன்ராறியோ மாகாணத்தில் வளர்ந்தோருக்கான பெரிற்றின் அளவின் கீழெல்லை 2024 ஆம் ஆண்டில் லீற்றருக்கு 30 மைக்கிரோகிராமாக உயர்த்தப்பட்டது. முன்னர் இயல்பானது என்று கருதப்பட்ட அளவுகள் சில இன்று குறைபாடாகக் கொள்ளப்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. பழைய அறிக்கையை நம்பி இருப்போர் அதனை மீண்டும் மருத்துவரிடம் காட்டுவது நன்று.

அதேவேளை, மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கித் தாமாக விழுங்குவதும் தவறு. தெற்காசியரிடையே காணப்படும் தலசீமியா மரபுக்கூறும் குருதி அறிக்கையில் இரும்புக் குறைபாடு போலத் தோன்றக்கூடும். மிகை இரும்போ உடலுக்குத் தீங்கானது. இளைஞன் ஒருவனுக்குக் குறைபாடு இருப்பின், குடலில் குருதி கசிகின்றதா என்று ஆராய்வதும் அவசியம். ஒரு முறை குருதிக்கொடை அளிக்கும்போது 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு வெளியேறுகின்றது. ஆகவே அவ்வறத்தைத் தொடர்ந்து செய்யும் இளையோர் தமது பெரிற்றின் அளவை அறிந்திருத்தல் வேண்டும்.

உணவில் மீன், இறைச்சி, பருப்பு, கடலை, கீரை ஆகியன இடம்பெறட்டும். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். தேநீர் ஒரு மணிநேரம் பிந்தட்டும். ஆயினும் வற்றிய சேமிப்பை உணவு மட்டும் நிரப்பிவிடாது. மருத்துவரின் கண்காணிப்பில் சில மாதங்கள் மருந்தும் தேவைப்படலாம்.

பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்ப இரண்டு வேலை செய்யும் பெற்றோர் ஏராளம். அப்பிள்ளையின் புள்ளிகள் குறையும்போது கண்டிக்க விரையும் அவர்கள், அதற்கு முன் "உனக்கு எப்போதிருந்து இந்தக் களைப்பு?" என்று ஒரு தடவை கேட்கட்டும். விடையைத் தேடி அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும்.