பழைய அணுக்கழிவு டிரம்மைத் திறப்பவருக்கு கவச உடை மட்டும் போதுமா?

கதிரியக்கக் கழிவைக் கையாளும் தொழிலாளி என்றதும் முழு உடல் கவச உடையும் முகக்கவசமும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் கட்டாயம் வேணும். ஆனால், பழைய கழிவைப் பிரித்து வேறு டிரம்மில் அடைக்கும் வேலையில் 'உள்ளே என்ன இருக்கு?' என்று தெரிந்திருப்பதே முதல் பாதுகாப்பு.

என்ன நடந்தது?

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், நைட்ரேட் உப்பு கலந்த பழைய கழிவைப் புது டிரம்களில் அடைத்தார்கள். ஈரத்தை உறிஞ்ச, வீட்டுப் பூனைகளின் மலத் தட்டில் கொட்டும் துகளைச் சேர்த்தார்கள். கனிமத் துகளைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்ததோ கோதுமையில் செய்தது. நைட்ரேட்டும் எரியக்கூடிய பொருளும் சேர்ந்தால் என்ன ஆகும்? பட்டாசில் வெடியுப்பு செய்யும் அதே வேலைதான்.

2014 பிப்ரவரி 14 இரவு, நியூ மெக்சிகோவில் நிலத்தடி உப்புப் படிவத்தில் அமைந்த கிடங்கில் அப்படியொரு டிரம் சூடேறி உடைந்தது. அப்போது கீழே யாரும் இல்லை. ஆனாலும், 20-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடலுக்குள் குறைந்த அளவில் கதிரியக்கப் பொருள் போயிருந்தது. கிடங்கு திரும்பச் செயல்பட 2017 ஆகிவிட்டது.

பாடம் கற்றார்களா?

2018 ஏப்ரல் 11, ஐடஹோ. பனிப்போர் காலத்தில் புதைத்த அணு ஆயுத ஆலைக் கழிவைத் தோண்டியெடுத்து மறுபடி அடைத்த 4 டிரம்களின் மூடிகள், அதே இரவில் பிய்த்துக்கொண்டு பறந்தன. யுரேனியம் சூடேறி, உள்ளே மீத்தேன் சேர்ந்து அழுத்தம் ஏறியதே காரணம். அறையில் ஆள் இல்லாததால் உயிர் தப்பியது. சில மணி நேரம் முன்னால் நடந்திருந்தால்?

யார் பொறுப்பு?

டோசிமீட்டர் கதிர்வீச்சைத்தான் அளக்கும். டிரம்முக்குள் நடக்கும் வேதிவினையைச் சொல்லாது. 'ஒவ்வொன்றையும் சோதித்தால் வேலை முடியாது' என்பது நிர்வாகங்களின் வாதம். லாஸ் அலமோஸிலும் 2014 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு இருந்தது. அவசரத்தால் மிச்சமானது என்ன? மூன்று ஆண்டு முடக்கம்தான்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதை வேதியியல் நிபுணர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அடைத்த டிரம்மின் வெப்பநிலையைக் கண்காணிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 'நிறுத்துங்க' என்று சொல்லும் உரிமை, டிரம்மில் கை வைக்கும் தொழிலாளிக்கே இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவர் வேலை போகக் கூடாது.