கூண்டு வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

கேரவன் என்றதும் இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் ஏ.சி. வேன்தான். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் வேறொரு கேரவனைச் சொல்வார்கள். மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டி, மேலே பாய் போர்த்தி, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்த கூண்டு வண்டி! சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பதால் முதல் நாள் ராத்திரியே வண்டி கட்டிக் கிளம்பியது, கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட நெல் மூட்டைமேல் பிள்ளைகள் சுருண்டு தூங்கியது என்று அந்தத் தலைமுறையிடம் கதைகளுக்குக் குறைவிருக்காது.

அந்த வண்டிகளில் சில இன்னும் மாட்டுக் கொட்டகை ஓரமாக, ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. 'தாத்தா வண்டியைச் சரிபண்ணி, ஒரு தடவையாவது குலதெய்வக் கோயிலுக்குப் போய்வருவோமே' என்று வெளியூரில் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்புதான். ஆனால், முதல் கேள்வியிலேயே வேலை நின்றுவிடும். பாகங்களுக்கு எங்கே போவது?

வெளிநாட்டில் பழைய கேரவனைப் புதுப்பிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. இங்கிலாந்தில் பழைய கேரவன் வைத்திருப்பவர்களுக்கென்றே சங்கம் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் 'கோம்பி' வேனை பிரேசிலில் 2013-ம் ஆண்டு வரை தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டியின் கதவு ரப்பர் இன்னொரு வண்டிக்குப் பொருந்தும், தொழிற்சாலை அளவு என்று ஒன்று இருப்பதால். கூண்டு வண்டிக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. செய்த ஆசாரியின் கைக்கணக்குதான் அளவு. பக்கத்து ஊர் வண்டியின் ஆரக்காலைக் கழற்றி வந்தால் நம் வண்டியின் குடத்துத் துளையில் அது நுழையாது. நுழைந்தால் ஆடும்.

சில பாகங்களுக்குக் கவலை இல்லை. கூண்டுக்கு வேண்டிய மூங்கில் கிடைக்கும். பாய்க்கும் பஞ்சமில்லை. அடித்தட்டுப் பலகையையும், பக்கத்து முளைக்குச்சிகளையும், ஏன் நுகத்தடியைக்கூட நல்ல தச்சர் ஒருவர் பழசைப் பார்த்துச் செய்துவிடுவார். இரும்பு அச்சு தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் சரிசெய்யலாம். கடையாணி சின்னச் சாமான்தான், ஆனால் அது இல்லாமல் தேரே ஓடாது என்று வள்ளுவரே உவமை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சிக்கல் எல்லாம் சக்கரத்தில்தான்.

ஆள் தோள் உயரச் சக்கரத்தில் நடுவில் குடம், அதிலிருந்து பிரியும் 12 ஆரக்கால்கள், அவற்றை வெளியே பிடித்திருக்கும் 6 வட்டைகள் என்பது வழக்கமான கணக்கு. இவ்வளவு மரத்தையும் சேர்த்து இறுக்குவது வெளியே ஓடும் இரும்புப் பட்டா. வருடக்கணக்கில் ஓடாமல் நிற்கும் சக்கரத்தில் மரம் வற்றிச் சுருங்கும், இரும்பு சுருங்காது. பட்டா லொடலொடவென்று ஆடும். தரையைத் தொட்டு நிற்கும் வட்டையைக் கரையான் முதலில் பிடிக்கும். சுத்தியலால் ஒவ்வோர் ஆரக்காலையும் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 'டங்'கென்று கேட்டால் பிழைத்தது, 'பொத்'தென்று கேட்டால் உள்ளே உளுத்துவிட்டது.

உளுத்தது ஒன்றே ஒன்றுதானே, அதை மட்டும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஆரக்காலின் ஒரு முனை குடத்துக்குள்ளும், மறுமுனை வட்டைக்குள்ளும் செருகியிருக்கிறது. அதை எடுக்க வட்டையைக் கழற்ற வேண்டும், வட்டையைக் கழற்றப் பட்டாவை எடுக்க வேண்டும். ஆக, ஒரு காலுக்காக முழுச் சக்கரத்தையும் பிரித்தாக வேண்டும். அந்தக் காலத்தில் ஆட்டம் கண்ட சக்கரத்தை ஏரியிலோ குட்டையிலோ போட்டு ஊறவைப்பார்கள். மரம் உப்பிப் பட்டா இறுகும். கோயிலுக்குப் போய்வர அது தாங்கலாம். காய்ந்ததும் பழைய கதைதான்.

பிரித்த சக்கரத்துக்குத் திரும்பப் பட்டா ஏற்றும் நாள்தான் இந்த வேலையிலேயே பெரிய நாள். 5 அடி உயரச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய பதினைந்தே முக்கால் அடி. பட்டாவை அதைவிடக் கொஞ்சம் குறைவான சுற்றளவில் வளைத்து ஒட்டிவிடுவார்கள். பிறகு தரையில் படுக்கப்போட்டு, சுற்றிலும் வறட்டியும் விறகும் அடுக்கித் தீ வைப்பார்கள். 500 டிகிரி சூடேறினால் இவ்வளவு நீள இரும்பு சுமார் ஓர் அங்குலம் நீளும். அந்த ஓர் அங்குலத்தில்தான் தொழிலே இருக்கிறது! சிவக்கக் காய்ந்த பட்டாவை மூன்று நான்கு பேர் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் புகையும், தீப்பிடிக்கும். சுத்தியலால் அடித்துச் சமன்செய்து உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டைகளும் ஆரக்கால்களும் முறுமுறுவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஒன்றோடொன்று இறுகும். பட்டாவை அதிகம் குறைத்திருந்தால் ஆரக்கால் வளையும் அல்லது முறியும். குறைத்தது போதாவிட்டால் பாதி வழியில் பட்டா கழன்று உருண்டோடும். தச்சரும் கொல்லரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிற்க வேண்டிய வேலை இது.

இரும்புப் பட்டை கடையில் கிடைக்கும். ஆக, தேட வேண்டியது இரண்டு. ஒன்று மரம், இன்னொன்று ஆள்.

சக்கரத்துக்குப் பேர்போனது நாட்டுக் கருவேலம். சீமைக்கருவேலம் கண்ணில் படாத ஊரில்லை, ஆனால் வட்டை அறுக்கும் அளவுக்குப் பருத்து, நேராக வளர்ந்த மரத்தை அதில் பார்ப்பது அரிது. நாட்டுக் கருவேலம் கிடைத்தாலும் அறுத்த கையோடு சக்கரம் செய்துவிட முடியாது. நன்றாகக் காயப்போட்டு எடுக்காவிட்டால் செய்த சக்கரம் மறுபடியும் சுருங்கி ஆடும். அடுத்த ஆடிக்கு வண்டி வேண்டுமென்றால் மரத்தை இந்த ஆடியிலேயே பார்த்துவைப்பது நல்லது.

ஆளைத் தேட அரும்பாவூரிலிருந்து தொடங்கலாம். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் உள்ள இந்த ஊரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்ச் சிற்பங்களும் சாமி வாகனங்களும் செய்யும் ஊர். சிற்ப வேலை வேறு, சக்கர வேலை வேறு. ஆனாலும், எந்த மரம் எங்கே அறுபடுகிறது, சக்கரம் கோக்கத் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்ற தகவல் இப்படிப்பட்ட பட்டறைகளில்தான் புழங்கும். இன்னொரு வழி, ரேக்ளா வண்டி செய்பவர்கள். பந்தயம் இருக்கும்வரை அவர்களுக்கு வேலை இருக்கும். காரைக்குடி பழம்பொருள் கடைகளிலும் வண்டிச் சக்கரம் பார்க்கலாம். ஆனால், அது ஹோட்டல் சுவரில் மாட்டவும், கண்ணாடி போட்டு மேஜையாக்கவும் போகும் சக்கரம். அழகுக்கு வாங்குகிறவர் 'பொத்'தென்று கேட்கிறதா என்று தட்டிப்பார்க்க மாட்டார். சாலையில் ஓட்ட வாங்குகிறவர் தட்டாமல் வாங்கக் கூடாது.

'எதற்கு இவ்வளவு பாடு? டயர் போட்டுவிடுங்களேன்' என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். டயர் செய்யும் எம்.ஆர்.எஃப் ஆலையே இதே மாவட்டத்து நாரணமங்கலத்தில் இருக்கிறதே! அந்த யோசனையைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-ல் வந்த விதிகளின்படி, பெரிய மாடுகள் இழுக்கும் இரு சக்கர வண்டியில் காற்றடைத்த டயர் இல்லாவிட்டால் 900 கிலோவும், டயர் இருந்தால் 1,350 கிலோவும் ஏற்றலாம். மாட்டின் கழுத்துக்கு எது சுலபம் என்பதை அந்தக் கணக்கே சொல்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எம்மின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி மாட்டு வண்டியை மேம்படுத்தப் பல வருடங்கள் பாடுபட்டதும் இதே அக்கறையில்தான். பழமை கெட்டுவிடும் என்று வருந்துபவர்கள் திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளலாம். திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரங்களில், ஹைட்ராலிக் பிரேக்கோடுதான் அது ஓடுகிறது. அதனால் தேர் தேராக இல்லாமல் போய்விடவில்லை.

தினமும் மணலோ மூட்டையோ ஏற்றும் வண்டிக்கு டயர்தான் சரி. வருடத்துக்கு ஒருமுறை, சுமையில்லாமல் கோயிலுக்குப் போகும் தாத்தா வண்டிக்கு மரச் சக்கரமே இருக்கட்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பாட்டி ஏறி உட்கார்ந்து என்ன பயன்?

ஏறுவதற்கு முன்னால் தலையை எண்ணிக்கொள்ள வேண்டும். அதே விதிகளின்படி வண்டி ஓட்டுபவரையும், 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் தவிர்த்து 4 பேர்தான் ஏறலாம். 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை மாட்டைப் பூட்டக் கூடாது. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் ஓடுவதால், பழைய காலம்போல ராத்திரி முழுக்க மாடுகள் தாமாக நடக்க, கூண்டுக்குள் எல்லோரும் தூங்கிக்கொண்டு போவதும் நடக்காது. பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் கோயில் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிய கையோடு, பட்டாவை ஒருதரம் தட்டிப் பார்த்து, அச்சில் வண்டி மை போட்டுவைத்தால் சாயங்காலம் திரும்பலாம்.