நொச்சி இருக்க நிர்க்குண்டி எதற்கு?

தலையிடியால் உறக்கம் கொள்ளாதவர்க்கு நொச்சியிலை அடைத்த தலையணையைக் கொடுத்தனர் நம் முன்னோர். நீர்க்கோவைக்கு அவ்விலையிட்டு வேது பிடித்தனர். கொசு விரட்டவும் அதன் புகையே. நோய்க்கு மட்டுமா? நற்றிணை 293-ஆம் பாட்டில், ஊர்மன்றத்தே படையலை அறிவிக்கும் முதுகுயவன் சூடியிருப்பது நொச்சிப் பூமாலை. புறநானூறு 272-ஆம் பாட்டிலோ மகளிர் இடையிலும் அதுவே. அரண் காக்கும் மறவன் தலையிலும் அதுவே. மதில்காத்தலுக்கே நொச்சி எனப் பெயரிட்டது புறப்பொருள் வெண்பாமாலை.

இன்றோ கடைப் புட்டியில் 'நிர்க்குண்டித் தைலம்' என்று அச்சிட்டு விற்கின்றனர். உள்ளே இருப்பது நம் நொச்சிதான்! கொல்லை வேலியில் நின்ற நொச்சியை வேரோடு பறித்து முள்கம்பி கட்டிய தமிழன், அப்புட்டியை வாங்கி, எந்த நாட்டுச் செடியோ என்று வியக்கிறான். நொச்சி எண்ணெய் என்றே கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் இலையைக் காட்டுங்கள்.